பால் காப்பி கலரில் ஆயில்

போன வருஷம் அறுவடை முடிஞ்ச கையோட மாமா போன் பண்ணினார். "மாப்ள, டிராக்டர் ஆயில் பால் காப்பி கலர்ல இருக்குடா. நீ மெக்கானிக்கல்தானே படிச்ச, என்னன்னு சொல்லு."

மெக்கானிக்கல் படிச்சுட்டு ஆறு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கோடு எழுதிக்கிட்டு இருக்கிறவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைச்சா விடுவானா? "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் மாமா, மாத்தச் சொல்லுங்க"ன்னு ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிட்டேன். மாத்தினாங்க. ஆயிலையும் மாத்தினாங்க. நாலே நாளில் மறுபடியும் பால் காப்பி. இந்த தடவை முன்னைவிட மோசம்.

என்னோட அந்த ஒரு வரி எங்கே தப்பாச்சுன்னு தேட ஆரம்பிச்சவன், கடைசியில் 1946-ஆம் வருஷத்து இங்கிலாந்து வரைக்கும் போயிட்டேன் (புத்தகத்திலயும் வலையிலயும்தான் :-)). அந்தக் கதைதான் இது.

முதலில் அடிப்படை. எஞ்சினுக்குள்ளே ரேடியேட்டர் தண்ணிக்கு ஒரு பாதை, ஆயிலுக்கு ஒரு பாதை. ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடு மாதிரி, நடுவில் ஒரு சுவர்தான். அது எங்கேயாவது விட்டுப்போனா தண்ணி சம்ப்புக்குள்ளே இறங்கும். கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைஞ்சு பால் காப்பி ஆக்கிடும். கலர் மாறினது பிரச்சினை இல்லை. பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் நிக்க வேண்டிய ஆயில் படலம் அதுக்கப்புறம் நிக்காது. அதுதான் பிரச்சினை.

மாமா வண்டி எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை, அது முக்கியமும் இல்லை. முக்கியமானது, அதில் இருப்பது வெட் லைனர். அதாவது பிஸ்டன் ஓடுற சிலிண்டர் ஒரு தனி இரும்புக் குழாய். பிளாக்குக்குள்ளே சொருகி வெச்சிருப்பாங்க. தண்ணி அந்தக் குழாயோட வெளிப்பக்கத்தை நேரடியாவே தொடும். குழாயோட அடியில் ஒரு சீல். அந்த சீலுக்குக் கீழே சம்ப். தண்ணிக்கும் ஆயிலுக்கும் நடுவில் அங்கே இருக்கிற சுவர் அவ்வளவுதான்.

இப்படி ஒரு மெல்லிசான சீலை நம்பி ஏன் எஞ்சின் கட்டினாங்க? இங்கேதான் வரலாறு வருது.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச நேரம். கோவென்ட்ரி நகரத்து பேனர் லேன் ஆலையில் போர்க்காலத்தில் விமான எஞ்சின் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. போர் முடிஞ்சதும் அந்த ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, ஹாரி பெர்குசனுக்காக டிராக்டர் செய்ய ஆரம்பிச்சது. 1946-ல் வெளிவந்த அந்த வண்டிதான் டிஇ20. சாம்பல் கலர், சின்ன உருவம். 1956 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேலே செஞ்சாங்க. எவரெஸ்ட் ஏறின எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரியில் தென்துருவம் போய்ச் சேர்ந்தது கூட இந்த டிராக்டர்லதான்.

ஆரம்பத்தில் அமெரிக்காவோட கான்டினென்டல் எஞ்சின் போட்டாங்க. அப்புறம் ஸ்டாண்டர்ட் தன்னோட சொந்த எஞ்சினைக் கொண்டு வந்தது. அது வெட் லைனர் எஞ்சின். இதில் ரெண்டு லாபம்.

ஒண்ணு, குழாயை மாத்தினா எஞ்சின் சைஸே மாறிடும். டிராக்டரில் முதலில் 80 மி.மீ. விட்டம், 1951-லிருந்து 85 மி.மீ. இதே குடும்பத்து எஞ்சின் வான்கார்ட் காரில் 85 மி.மீ., 1953-ல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் 83 மி.மீ. உழவு வண்டிக்கும் ரேஸ் வண்டிக்கும் ஒரே வம்சம்!

ரெண்டாவது லாபம் விவசாயிக்கு. சிலிண்டர் தேஞ்சு போனா பிளாக்கை டவுனுக்கு அனுப்பி போரிங் போட வேண்டாம். பழைய குழாயை உருவிட்டு புதுசைச் சொருகினா போதும், மாட்டுக் கொட்டகையிலயே வேலை முடிஞ்சுடும்.

ஆனா இந்த வசதி சும்மா வரலை. அந்த எஞ்சினில் லைனர் அடி சீல் 8 வடிவத்தில் இருக்கும், ரெண்டு லைனருக்கு ஒண்ணு. லைனரோட மேல் விளிம்பு பிளாக்கைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் மூணு முதல் அஞ்சு பங்கு தூக்கலா நிக்கணும். அப்போதான் ஹெட்டை இறுக்கும்போது அது லைனரைக் கீழே அழுத்தும், அடியில் சீலும் அமுங்கும். இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க: அடி சீலைப் பிடிச்சு வெச்சிருக்கிறதே மேலே இருக்கிற ஹெட்தான்!

அப்போ ஹெட்டைக் கழட்டிட்டு கிராங்கைச் சுத்தினா? பிஸ்டன் மேலே வரும்போது லைனரையும் சேர்த்து இழுக்கும். அடி சீல் விலகிடும். அதனாலதான் ஹெட்டைக் கழட்டினதும் லைனர் மேலே கிளாம்ப் போட்டு இறுக்காம கிராங்கைத் தொடக்கூடாதுன்னு இந்த எஞ்சின் வேலை தெரிஞ்சவங்க சொல்றாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மாமா வண்டியிலயும் இதே ஏற்பாடுதான். மாமாவுக்குப் போன் போட்டேன். "ஹெட்டைக் கழட்டினப்போ எஞ்சினைச் சுத்தினாங்களா மாமா?" "ஆமாடா, பிஸ்டன் தலையில கரி இருந்துச்சு, ஒவ்வொண்ணா மேல கொண்டாந்து சுரண்டினாங்க." கிளாம்ப்? அப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாது.

அப்புறம் பக்கத்து ஊர்லேர்ந்து வயசான ஒரு மெக்கானிக் வந்தார். அவர் செஞ்ச வரிசையை அப்படியே எழுதறேன். இந்தப் பதிவில் உருப்படியான விஷயம் இதுதான்.

முதலில் வண்டியை ராத்திரி முழுக்க ஓட்டாம நிறுத்தினார். காலையில் ஆயில் டிரெயின் நட்டை லேசா லூஸ் பண்ணினார். தண்ணி கனம், அடியில் தங்கும். முதலில் தண்ணியா வந்தா சந்தேகமே இல்லை. (ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளையா இருந்தா பயப்பட வேண்டாம், குளிர் நாளில் வேர்த்ததா இருக்கலாம்.) ஆயில் லெவல் ஏறி, ஆனா வெளுக்காம, தண்ணியா இளகி இருந்தா அது எரிபொருள் இறங்கறது. 1949-ல் வந்த மண்ணெண்ணெய் ரக டிஇ20-ல் இது சகஜம். சூடாகாத எஞ்சினில் எரியாத எண்ணெய் ரிங் வழியா சம்ப்புக்கு இறங்கிடும்.

அடுத்து, ஹெட்டைத் தொடவே இல்லை. சம்ப்பைக் கழட்டினார். ரேடியேட்டர் நிறையத் தண்ணி ஊத்தி, மூடியில் போட்டிருக்கிற அழுத்தத்தைத் தாண்டாம காத்து கொடுத்தார். கீழே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். லைனருக்கு வெளியே, பிளாக்கோட சேர்ற இடத்தில் சொட்டினா அடி சீல். லைனருக்கு உள்ளேயிருந்து பிஸ்டனை ஒட்டிச் சொட்டினா ஹெட் கேஸ்கட், ஹெட் விரிசல், இல்லேன்னா லைனரிலயே ஊசி ஓட்டை. மூணாவது லைனருக்கு வெளியே சொட்டுச் சொட்டா விழுந்துச்சு.

முதலில் கேஸ்கட்தான் போயிருந்ததா, இல்லை ஆரம்பத்திலிருந்தே சீலா? இனிமேல் யாருக்கும் தெரியாது. சாட்சியை நானே அழிச்சுட்டேன். நாலு நாள் பால் காப்பியில் ஓட்டினதில் பேரிங்கும் போச்சு.

வெட் லைனருக்கு மாற்று உண்டா? உண்டு. 1959-ல் மாஸ்ஸி பெர்குசன், பெர்கின்ஸ் கம்பெனியை வாங்கி, அதோட மூணு சிலிண்டர் டீசல் எஞ்சினை 35 மாடலில் போட்டது. அதுக்கு முன்னாடி அதில் இருந்த ஸ்டாண்டர்ட் டீசல் குளிரில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பெர்கின்ஸில் இருப்பது டிரை லைனர். லைனரைத் தண்ணி தொடாது, அதனால் அடி சீலே கிடையாது. ஆனா மாத்தணும்னா பிரஸ் வெச்சு இறுக்கிச் சொருகணும், கொட்டகையில் நடக்காது. மாஸ்ஸி பெர்குசனோட கைகோத்து 1960-ல் சென்னையில் டாஃபே ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர் வயலில் ஓடின மாஸ்ஸி 1035-ல் இருந்ததும் பெர்கின்ஸ் வழி வந்த, சிம்சன் செஞ்ச மூணு சிலிண்டர்தான்.

ஆக, ஆயில் வெளுத்திருந்தா முதல் கேள்வி "எது போச்சு?" இல்லை, "உள்ளே எப்படிக் கட்டியிருக்காங்க?" என்பதுதான். புரொகிராம்ல ஒரு பக்-கைத் தேடும்போது கோடைப் படிக்காம கை வெக்கக்கூடாதுன்னு ஜூனியர்களுக்குச் சொல்றவன் நான். மாமா விஷயத்தில் மறந்துட்டேன்.

மாமா இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. செலவில் பாதியாவது தர்றேன்னேன், வாங்க மாட்டேன்னுட்டார். "அடுத்த தடவை நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்லு மாப்ள"ன்னார், அவ்வளவுதான்.

உங்க ஊர்லயும் இப்படி பால் காப்பி குடிச்ச வண்டி இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. தீர்ப்பு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க :-)