அடுப்புக்குப் போற சவுக்கு... அதன் ஆஸ்திரேலிய அண்ணன் மட்டும் எப்படி டிரம் ஆனது?

சென்னையில் இருந்து சுமார் 60 கி.மீ. தூரம் வண்டியை விட்டால் பழவேற்காடு. பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். நடுவில் மணல், குப்பங்கள், சவுக்குத் தோப்புகள். காற்று அடிக்கும்போது அந்தத் தோப்புக்குள் நின்று கேட்டிருக்கீங்களா? கடல் எது, மரம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு 'உஸ்ஸ்ஸ்' சத்தம்.

அந்த மரத்தை நாம என்ன செய்கிறோம்? பந்தல்கால் நடுவோம், சாரம் கட்டுவோம், குடிசைக்குக் கம்பு போடுவோம், காகித ஆலைக்கு அனுப்புவோம். மிச்சம் அடுப்புக்கு.

ஆனால், இதே சவுக்குக் குடும்பத்தில் பிறந்த ஒரு மரம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. உலகம் முழுக்க டிரம்மர்கள் ஆசைப்பட்டுத் தேடும் ஸ்னேர் டிரம்களில் சில, அந்த மரத்தில் செய்தவை. நம்ம ஊர் தைல மரத்தின் சொந்தக்காரர்கள் இரண்டு பேருக்கும் அந்த லிஸ்ட்டில் இடம் உண்டு. விறகுக்கட்டை எப்படி டிரம் ஆனது? வாங்க, பார்ப்போம்.

முதல்ல, ஸ்னேர்னா எது?

டிரம் செட்டில் வாசிப்பவரின் இரண்டு முழங்காலுக்கு நடுவே இருக்குமே, அதுதான். 'டம்' என்று காலால் விழுவது பேஸ் டிரம். அதற்குப் பதில் சொல்வதுபோல 'டப்' என்று வெட்டி விழுவது ஸ்னேர். சினிமாப் பாட்டில் நீங்கள் கைதட்டும் இடம் பெரும்பாலும் ஸ்னேர் விழும் இடமாகத்தான் இருக்கும். மாதா கோயில் தேர்பவனியிலும் கல்யாண ஊர்வலத்திலும் பேண்டு செட்காரர்கள் தோளில் மாட்டி இரண்டு குச்சியால் 'டர்ர்ர்' என்று உருட்டும் சைடு டிரம் இதன் நேர் சொந்தம்.

ரகசியம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மேல் தோல் அடி வாங்கும். கீழே அதைவிட மெல்லிய இன்னொரு தோல். அதை ஒட்டி வரிசையாகச் சுருள் கம்பிகள். மேலே அடித்ததும் உள்ளே இருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளும். தோல் கம்பிகளை உதறும். அந்த உதறல்தான் 'ஸ்ஸ்' கலந்த வெட்டுச் சத்தம். கம்பியைத் தளர்த்திவிட்டு அடித்துப் பாருங்க, சாதாரண மேளம் மாதிரிதான் கேட்கும்.

கட்டை பேசுமா?

'தோல்தானே அதிருது, மரம் எதுவா இருந்தா என்ன?' என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்விதான். ஸ்னேரின் குரலில் பெரும்பங்கு தோலுக்கும், அதை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறோம் என்பதற்கும்தான். அடுத்து, தோல் வந்து உட்காரும் மரத்தின் விளிம்பு, வளையம், கம்பி. இவற்றோடு சேர்ந்துதான் மரமும் பேசும்.

ஆனால் அந்தப் பங்கு சின்னது இல்லை. லேசான, மிருதுவான கட்டை என்றால் தோலின் அதிர்வில் கொஞ்சத்தைத் தானே வாங்கி விழுங்கிவிடும். முதலில் போவது கூர்மையான மேல் சத்தங்கள். அதனால் ஒலி மெத்தென்று வரும். கனமான, விறைப்பான கட்டை அவ்வளவு விழுங்காது, திருப்பி அனுப்பிவிடும். அதனால் சத்தம் பெரிதாக, கூராக, தெளிவாக வெளியே வரும்.

இது நமக்குப் புதுசு இல்லை. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பலாக்கட்டைதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் நாம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு அதில் தனி மதிப்பே உண்டு. குப்பத்திலேயே பாருங்க. கட்டுமரத்துக்கு லேசான மரத்தைத்தான் எடுப்பார்கள், அது மிதக்க வேண்டும். எந்த வேலைக்கு எந்த மரம் என்பதுதான் விஷயமே.

மூணு மரம், மூணு குரல்

டிரம் செட்டுகளில் அதிகம் பார்ப்பது மேப்பிள், பிர்ச் மரங்கள். காய்ந்த கெட்டி மேப்பிள் ஒரு கன மீட்டர் சுமார் 700 கிலோ எடை இருக்கும். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் மூன்று மரங்களைப் பார்ப்போம்.

*ஜாரா:* யூகலிப்டஸ் இனம், அதாவது நம்ம தைல மரத்தின் சொந்தம். கன மீட்டருக்குச் சுமார் 820 கிலோ. அறுத்த புதிதில் ரத்தச் சிவப்பு, நாளாக நாளாக அடர் பழுப்பு. ஒரு காலத்தில் ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போன மரம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் தெருக்களில் பாவுகல் மாதிரி பதிக்கவும் கப்பல் ஏறியது. குதிரை வண்டிச் சக்கரத்தையே தாங்கிய மரத்துக்குக் குச்சி அடி எம்மாத்திரம்? நல்ல அழுத்தம், கூர்மை, நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒரு நடு ஒலி என்று டிரம்மர்கள் இதைச் சொல்வார்கள்.

*வாண்டூ:* இதுவும் யூகலிப்டஸ்தான். காய்ந்த பிறகும் கன மீட்டருக்குச் சுமார் 1,100 கிலோ. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்! மூன்றில் பெரிய தொண்டை இதற்குத்தான். வளையத்தையும் தோலையும் சேர்த்து அடிக்கும் 'ரிம் ஷாட்' இதில் பட்டாசு மாதிரி கிளம்பும்.

*ஷீ-ஓக்:* இவர்தான் நம்ம சவுக்கின் அண்ணன். கன மீட்டருக்குச் சுமார் 730 கிலோ. மூன்றில் லேசானது என்பதால் ஒலியும் கொஞ்சம் இளகியது, இனிமையானது. இழைத்துப் பார்த்தால் சரிகை வேலைப்பாடு மாதிரி மரத்துக்குள் ரேகை ஓடும். பலர் இதன் அழகில் விழுந்து வாங்குவார்கள்.

எடை வித்தியாசத்தைக் கையால் உணர ஒரு சின்ன கணக்கு. 14 அங்குல விட்டம், 5.5 அங்குல ஆழம், ஒரு செ.மீ. தடிமன் உள்ள கட்டை என்று வைத்துக்கொள்வோம். மேப்பிளில் செய்தால் வெறும் மரம் மட்டும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஜாராவில் ஒன்றேகால் கிலோ. வாண்டூவில் கிட்டத்தட்ட 1.7 கிலோ. இதற்கு மேல் இரும்பு வளையம், திருகு எல்லாம் சேரும். பஸ்ஸில் தூக்கிட்டுப் போறவங்க யோசிச்சுக்கோங்க!

பீப்பாய் மாதிரி ஒரு டிரம்

இவ்வளவு கெட்டி மரத்தை எப்படி வளைப்பது? வழக்கமான டிரம் 'பிளை' முறையில் வரும். மரத்தைத் தாள் மாதிரி சீவி, அடுக்கடுக்காக ஒட்டி, வட்ட அச்சில் அழுத்துவார்கள். கெட்டி மரத்தை அப்படிச் சீவுவது சுலபம் இல்லை, சட்டென்று பிளந்துவிடும்.

அதற்குத்தான் பீப்பாய் செய்கிறவர்களின் பழைய வழி. மரத்தைச் சின்னச் சின்னக் கட்டைகளாக அறுத்து, ஓரங்களைச் சரித்து, வட்டமாகச் சேர்த்து ஒட்டி, பிறகு கடைசல் இயந்திரத்தில் உள்ளேயும் வெளியேயும் கடைந்து எடுப்பது. வளைப்பதே இல்லை என்பதால் மரம் முறுக்கிக்கொண்டு நிற்காது. அடுக்குக்கு அடுக்கு பசையும் கிடையாது. கிட்டத்தட்ட முழுமரம் பேசுகிற மாதிரி.

இந்த மரங்களை உலக மேடைக்குக் கொண்டுபோனவர் என்றால் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரிஸ் பிரேடி. 1980-களில் பெர்த் நகரப் பக்கம் ஜாரா, வாண்டூ, ஷீ-ஓக் மூன்றிலும் இவர் கடைந்த 'பிரேடி' ஸ்னேர்களுக்கு இன்றைக்கும் பழைய பொருள் சந்தையில் கிராக்கி குறையவில்லை.

'தாழ்ந்த ஓக்' என்று பெயர் வாங்கிய மரம்

ஷீ-ஓக் என்ற பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு இதன் ரேகை ஊரில் விட்டு வந்த ஓக் மரத்தை ஞாபகப்படுத்தியது. ஆனால் ஓக் அளவுக்குத் தரம் இல்லை என்று நினைத்து, முன்னால் 'ஷீ' சேர்த்தார்கள். பெண் என்றால் மட்டம் என்று நினைத்த காலத்துப் பெயர். அந்த மட்டமான மரம்தான் பிறகு மேடை ஏறியது.

நம்ம சவுக்கும் அதே சேப்பங்கிழங்குக் கொத்துதான். 1982 வரை தாவரவியலாளர்கள் இரண்டையுமே 'கேசுவரினா' என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் லாரி ஜான்சன் என்ற ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் பிரித்த பிறகுதான் ஷீ-ஓக் 'அல்லோகேசுவரினா' ஆனது. கேசுவரினா என்ற பெயர் கேசோவரி பறவையில் இருந்து வந்தது. தொங்கும் இழைகள் அதன் இறகு மாதிரி இருப்பதால்!

சவுக்கு நம்ம கடற்கரைக்குப் பெரிய அளவில் வந்தது 19-ம் நூற்றாண்டில், ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்பதற்காக. அன்றைக்கு விழுந்த 'விறகு' முத்திரைதான் இன்னும் போகவில்லை. பச்சையாக இருந்தாலே எரியும், மணலிலும் வளரும், வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றில் இருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். இத்தனை குணம் உள்ள மரத்துக்கு நாம கொடுத்த வேலை அடுப்பும் சாரமும்.

அப்போ சவுக்குல ஸ்னேர் செய்யலாமா?

இதைக் கேட்க இப்போது ஒரு காரணம் இருக்கிறது. ஜாரா மரம் முற்ற நூறு வருஷத்துக்கு மேல் ஆகலாம். காடு அழிகிறது என்பதால், 2024 தொடக்கத்தில் இருந்து இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை மேற்கு ஆஸ்திரேலிய அரசு நிறுத்திவிட்டது. இனி காட்டைப் பராமரிக்கக் கழிக்கும் மரம், சுரங்கத்துக்காக அகற்றும் மரம், பழைய வீடுகளின் உத்திரம் ஆகியவற்றில் இருந்துதான் ஜாரா வர வேண்டும். சவுக்கோ வயலில் விதைத்து நாலைந்து வருஷத்தில் அறுக்கும் பயிர்.

எடையில் சவுக்கு ஷீ-ஓக்குக்குச் சளைத்தது இல்லை. பெரும்பாலும் கன மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேலேயே இருக்கும். கம்பு ஒல்லியாச்சே? பீப்பாய் முறைக்கு அகலப் பலகையே தேவை இல்லை. 14 அங்குல டிரம்மை 20 துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 5.6 செ.மீ. அகலம். 30 துண்டு என்றால் 3.7 செ.மீ. போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சவுக்கு காயும்போது வெடிக்கும், முறுக்கும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் போச்சு. நிழலில், நுனிகளுக்கு மெழுகோ பெயின்ட்டோ பூசி, மாதக்கணக்கில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். இளமரத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சவுக்கு விறகாகவே நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சின்னத் துண்டுகளாக அறுத்துக் காயவைத்தால் வெடிப்பும் குறையும், வெடித்த துண்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஒரு விஷயம் முக்கியம். கடலோரத்தில் காற்றையும் மணலையும் தடுத்து நிற்கும் தோப்பில் கை வைக்கக் கூடாது. அது குப்பத்துக்கு வேலி. டிரம்முக்கு வயலில் வளர்ந்த கம்பே போதும்.

ஏரிக்கரையில டிரம் வெச்சிருக்கீங்களா?

உப்புக் காற்று முதலில் தின்பது மரத்தை இல்லை, அடிக்கம்பியை. அதனால்...

* வாசித்து முடித்ததும் கம்பி, வளையம், திருகு எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைங்க. திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.
* பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் போட்டு வைங்க. புது ஷூ வாங்கும்போது கிடைப்பதைத் தூக்கிப் போடாதீங்க.
* வெயிலில் நிற்கும் ஆட்டோவுக்குள் மர டிரம்மை வைக்காதீங்க. சட்டென்று மாறும் சூடுதான் ஒட்டுகளின் எதிரி.
* பழைய டிரம் வாங்கினால் தோலைக் கழற்றி, விளிம்பு சமமாக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் கவிழ்த்துப் பாருங்க. கீழே வெளிச்சம் கசிந்தால் விளிம்பு கோணல்.
* பல ஆயிரம் கொடுத்து வேறு டிரம் வாங்கும் முன் புதுத் தோல் மாட்டி, நல்லா ட்யூன் செய்து பாருங்க. பாதிப் பேருக்கு அதுவே போதும்.

கடைசியாக ஒரு டெஸ்ட். காசு செலவே இல்லை. அடுத்த முறை பழவேற்காடு போகும்போது நன்றாகக் காய்ந்த சவுக்குத் துண்டு ஒன்றையும், அதே அளவில் லேசான மரத்துண்டு ஒன்றையும் எடுத்துக்கோங்க. இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, சின்னக் கல்லால் ஒரு தட்டு. ஒன்று 'தொப்'. இன்னொன்று 'டங்'.

அந்த 'டங்'கைத்தான் நூறு வருஷத்துக்கு மேலாக அடுப்பில் வைத்து எரித்துக்கொண்டிருக்கிறோம்!