காலாவதி தேதி போடாத மாத்திரை

மருந்துக் கடையில் ரெண்டு ரூபாய்க்குத் தலைவலி மாத்திரை வாங்கினால்கூட அட்டையைத் திருப்பிப் பார்க்கிறோம். எப்போது தயாரித்தது, எப்போது காலாவதியாகும் என்று போட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தால் கடைக்காரரோடு ஒரு சண்டை நிச்சயம். நியாயமான சண்டைதான்.

அதே டேப்லட் என்கிற பெயரில் இருபதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து இன்னொன்று வாங்குகிறோமே, அதன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை ஜிபி, எத்தனை இன்ச், கேமரா எத்தனை மெகாபிக்சல், எல்லாம் இருக்கும். எத்தனை வருஷம் உழைக்கும்? ம்ஹூம். பொதுவாக அது மட்டும் இருக்காது.

விலை, வேகம், ஆயுள். எந்த டேப்லட்டையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் எடை போடவேண்டும். முதலிரண்டு பிரச்னையில்லை. விலை, சீட்டில் இருக்கிறது. வேகம், கடையிலேயே விரலால் நாலு தள்ளு தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது இருக்கிறதே, அது வாங்கி மூன்று, நாலு வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்குள் காசு போயாச்சு.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. நமக்கு முன்னால் வாங்கி அனுபவித்தவர்களின் கதையைப் பார்க்கலாம். சரித்திரம் என்றால் அக்பரும் அவுரங்கசீப்பும் மட்டும்தானா என்ன?

1972-ல் ஆரம்பிக்கவேண்டும். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் ஆலன் கே என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். கம்ப்யூட்டர் என்றால் குளிரூட்டிய அறைக்குள் பீரோ பீரோவாக நிற்கும் வஸ்து என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அவரோ, நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர், குழந்தைகள் கையில் தூக்கிக்கொண்டு போகலாம், படிக்கலாம், வரையலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். பெயரும் வைத்தார். டைனாபுக். விலை? 500 டாலருக்குள் இருக்கவேண்டும் என்று ஓர் இலக்கு. அன்றைக்கு இருந்த சரக்கை வைத்து அதைச் செய்ய வழியே இல்லை. காகிதத்தோடு நின்றது.

அடுத்தவர் பில் கேட்ஸ். இன்னும் ஐந்து வருஷத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் டேப்லட்டாகத்தான் இருக்கும் என்று 2001-ல் சொன்னார். 2002 நவம்பரில் சந்தைக்கும் வந்தது. 2,000 டாலர் அக்கம்பக்கத்தில் விலை, கையில் பிடித்தால் வலிக்கிற கனம். மக்கள் கும்பிடு போட்டு நகர்ந்துவிட்டார்கள்.

2010 ஏப்ரல் 3. ஆப்பிளின் முதல் ஐபேட் கடைக்கு வந்தது. ஆரம்ப விலை 499 டாலர். 38 வருஷம் முன்பு ஆலன் கே போட்ட அதே கணக்கு. (பணவீக்கத்தைக் கணக்கில் சேர்த்தால் அவர் நினைத்ததைவிட ரொம்ப மலிவு.) வரிசையில் நின்று வாங்கினார்கள். இந்தியாவுக்கு அது 2011 ஜனவரி கடைசியில்தான் வந்து சேர்ந்தது. ஆரம்ப விலை 27,900 ரூபாய்.

இங்கேதான் முதல் பாடம். மார்ச்சிலேயே அமெரிக்காவில் ஐபேட் 2 வந்துவிட்டது. சரி, புது மாடல் வருவது சகஜம். ஆனால், 2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6 என்கிற புது சிஸ்டம் வந்தபோது முதல் ஐபேட்டுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவில் முதல் நாளே வாங்கியவருக்குக் கிடைத்தது இருபது மாதம்! இயந்திரம் கெட்டுப்போகவில்லை. திரை உடையவில்லை. ஆனால் புது வசதி எதுவும் உள்ளே வராது. உதாரணத்துக்கு ஒன்று. 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது அதில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்திருந்தார்கள். ஐபேட் 2 வைத்திருந்தவர் அன்றைக்கே தமிழில் தட்ட ஆரம்பித்தார். முதல் ஐபேட்காரர் வேடிக்கை பார்த்தார்.

ஏன் இப்படி? முதல் ஐபேட்டில் இருந்த ராம் 256 மெகாபைட். ஐபேட் 2-ல் 512. விலை அதே 499 டாலர். கடையில் தள்ளிப் பார்த்தவர்களுக்கு முதலாவதும் அருமையாகத்தான் ஓடியது. ஆனால் அன்றைய வேலைக்கு மட்டும் சரியாக இருந்தது. நாளைய வேலைக்கு மிச்சம் இல்லை.

இந்த 'மிச்சம்' என்கிற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2011-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. எச்.பி. கம்பெனி, முந்தைய வருஷம்தான் 120 கோடி டாலர் கொடுத்து பாம் நிறுவனத்தை வாங்கியிருந்தது. அவர்களுடைய வெப்ஓஎஸ் சிஸ்டத்தைப் போட்டு டச்பேட் என்று ஒரு டேப்லட்டை ஜூலை 1 அன்று இறக்கினார்கள். விலை 499 டாலரிலிருந்து. நல்ல பிராசசர், நல்ல திரை. நாற்பத்தொன்பதே நாள். ஆகஸ்ட் 18 அன்று, இந்த வியாபாரமே வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் அதே டச்பேட் 99 டாலருக்குப் போனது. ஆடித் தள்ளுபடி தோற்றது, போங்கள். மொத்தமும் காலி.

விஷயம் அதோடு முடியவில்லை. சொந்தக் கம்பெனியே கைவிட்ட அந்த டேப்லட்டில், வெளியில் இருந்த சாஃப்ட்வேர் ஆர்வலர்கள் சிலர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஆண்ட்ராய்டைப் போட்டுக் காட்டினார்கள். கம்பெனி சாகடித்தது பல வருஷம் உயிரோடிருந்தது. ஆக, ஒரு டேப்லட்டின் ஆயுள் அதன் தகட்டிலும் கண்ணாடியிலும் மட்டும் இல்லை. யாராவது அதற்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கும் வரைதான் அது உயிர்.

அதே வருஷம், அக்டோபர் 5. டெல்லியில் மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் ஒரு டேப்லட்டை அறிமுகப்படுத்தினார். ஆகாஷ். (ஸ்டீவ் ஜாப்ஸ் கலிஃபோர்னியாவில் காலமானதும் அதே அக்டோபர் 5 அன்றுதான்.) அரசாங்கம் வாங்கிய விலை 2,276 ரூபாய். மாணவர்களுக்கு மானியத்தில் இன்னும் குறைவு. உலகத்திலேயே மலிவான டேப்லட் என்று பத்திரிகைகள் கொண்டாடின.

சும்மா சொல்லக்கூடாது, நோக்கத்தில் குறையே இல்லை. ஐபேட் வாங்கும் காசில் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் உள்ளே என்ன இருந்தது? 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர். 256 மெகாபைட் ராம். தொட்டால் போதாது, அழுத்தினால்தான் கேட்கும் திரை. மூன்று மணி நேரத்தைத் தாண்டாத பேட்டரி. முதலில் விலையைத் தீர்மானித்துவிட்டு அதற்குள் என்ன அடங்குமோ அதைப் போட்டார்கள். வாங்கிய அன்றைக்கே மூச்சு வாங்கியது. நாளைக்கு எங்கே மிச்சம்? பதின்மூன்றே மாதத்தில், 2012 நவம்பரில், ஏறக்குறைய அதே விலைக்கு ஆகாஷ் 2 வந்தது. ராம் இரண்டு மடங்கு, பிராசசர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்படியென்றால் முதல் ஆகாஷைக் கையில் வைத்திருந்த பிள்ளை? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மொத்தத் திட்டமும் பிறகு சத்தமில்லாமல் அடங்கிப்போனது.

காசு இருப்பவர் தப்பாக வாங்கினால் அடுத்த வருஷம் இன்னொன்று வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும் என்கிறவருக்குத்தான் ஆயுள் முக்கியம். ஆனால் அவருக்குத்தான் ஆயுள் குறைந்ததைக் கொடுக்கிறார்கள். இந்த அநியாயம் டேப்லட்டில் மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

விலை குறைவுதான் குற்றவாளியா? அவசரப்படாதீர்கள். இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

2012 மார்ச் 16. ஐபேட் 3. முந்தைய மாடலைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட திரை. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் அந்தத் திரைக்குத் தீனி போட பெரிய பேட்டரி வேண்டியிருந்தது. தடிமன் கூடியது, எடை கூடியது, சூடும் கூடியது. கூடுதல் சக்தி மொத்தத்தையும் திரையே தின்றுவிட்டது. 221 நாள்தான். அக்டோபர் 23 அன்று ஐபேட் 4-ஐ அறிவித்து இதை மூட்டை கட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அண்ணன் ஐபேட் 2 அப்போதும் 399 டாலருக்குக் கடையில் விற்றுக்கொண்டிருந்தது. 2014 மார்ச் வரை விற்றது! 2016 செப்டம்பரில் ஐஓஎஸ் 10 வந்தபோது ஐபேட் 2-க்கும் ஐபேட் 3-க்கும் ஒரே நாளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பிறந்த தம்பிக்கு ஒரு நாள்கூட அதிகம் கிடைக்கவில்லை.

ஜூன் மாதம் பிள்ளைக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் என்ன சொல்கிறோம்? "வளர்ற பிள்ளை, உள்ளே நல்லா மடிச்சு விட்டுத் தைங்க." அந்த உள் மடிப்புதான் மிச்சம். அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். முதல் ஆகாஷில் துணியே பற்றாக்குறை. ஐபேட் 3-ல் துணி நிறைய, ஆனால் எல்லாவற்றையும் வெளியே ஜரிகையாக வைத்துத் தைத்துவிட்டார்கள். இரண்டிலும் உள் மடிப்பு இல்லை.

உள் மடிப்பு இருந்தால் என்ன ஆகும்? 2014 அக்டோபர் 16 அன்று ஆப்பிள் ஒரே மேடையில் இரண்டு டேப்லட்டுகளை அறிவித்தது. 499 டாலருக்கு ஐபேட் ஏர் 2. அன்றைய பிராசசர், 2 ஜிபி ராம். 399 டாலருக்கு ஐபேட் மினி 3. முந்தைய வருஷத்து மினியின் அதே உள்சரக்கு, 1 ஜிபி ராம், கைரேகைப் பூட்டு மட்டும் புதுசு. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. மினி 3-ஐ 2019-ல் நிறுத்தினார்கள். ஏர் 2 ஓடியது 2022 வரை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வாங்கிய விலையை, புது சிஸ்டம் வந்துகொண்டிருந்த வருஷங்களால் வகுத்துவிடுங்கள். முதல் ஐபேட், அமெரிக்க விலையில் வருஷத்துக்கு 200 டாலருக்கு மேல். ஐபேட் 3, சுமார் 110. ஐபேட் 2-ஐ முதல் நாளே வாங்கியவருக்கு சுமார் 90. மினி 3, சுமார் 80. விலை அதிகமான ஏர் 2, சுமார் 62. நூறு டாலர் கூடக் கொடுத்தவர்தான் மலிவாக வாங்கியிருக்கிறார்!

இன்னொன்றும் பாருங்கள். அதே ஐபேட் 2-ஐ, "நூறு டாலர் குறைவாச்சே" என்று 2014 மார்ச்சில் வாங்கியவருக்கு வருஷத்துக்கு 160 டாலர் ஆகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து ஆயுளை எண்ணக்கூடாது. உள்ளே இருக்கும் சிப் பிறந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். அத்தோடு, ஐபேட் 2 கடைசி வருஷங்களில் உயிரோடு இருந்ததே தவிர, ஐஓஎஸ் 9 போட்டபிறகு தள்ளாடித்தான் நடந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

அதனால் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே இருக்கும் சிப் எந்த வருஷத்தது? இன்றைய தேவைக்கு மேல் ராம் எவ்வளவு? எத்தனை வருஷம் அப்டேட் தருவதாக கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறது? மூன்றாவதுக்கு இப்போது பதில் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. 2024-ல் வந்த டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருஷம் என்று சாம்சங் அறிவித்தது.

ஐரோப்பிய யூனியன் இதைச் சட்டமாகவே போட்டுவிட்டது. 2025 ஜூன் 20 முதல், அங்கே விற்பனைக்கு வரும் போன்களுக்கும் டேப்லட்டுகளுக்கும் விற்பனையை நிறுத்திய பிறகும் ஐந்து வருஷம் அப்டேட், ஏழு வருஷம் உதிரி பாகம். 800 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவிகிதம் மிச்சம் இருக்கவேண்டும். பேட்டரி எத்தனை சார்ஜ் தாங்கும், ரிப்பேர் செய்வது எத்தனை சுலபம் என்று விற்கும்போதே லேபிளில் காட்டியாகவேண்டும்.

காலாவதி தேதி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அட்டையைத் திருப்பினால் படிக்க ஏதோ இருக்கிறது. அந்தப் பழக்கம் நம் ஊருக்கும் வரும் வரை, கடைக்காரரிடம் ஆயுளைப் பற்றி நாம்தான் வாயைத் திறந்து கேட்கவேண்டும். ரெண்டு ரூபாய் மாத்திரைக்குக் கேட்கிறோம்தானே?