சாலமாண்டர்களின் ஆயுட்காலம்

சாலமாண்டர் என்பது வாலுடைய நீர்நில வாழ்வனவற்றின் பொதுப்பெயராகும். நியூட்டுகளும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே. தோற்றத்தில் பல்லியையும் அரணையையும் ஒத்திருப்பினும் இவை ஊர்வன அல்ல. செதிலற்ற ஈரத்தோல் கொண்டவை. குளிர்ந்த சூழலில் முறையாகப் பேணினால், வளர்ப்பிடத்தில் இவை நெடுங்காலம் வாழ்கின்றன.

வளர்ப்பிடத்தில் ஆயுள்

* ஆக்சலோட்டல்: பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள்.
* தீச் சாலமாண்டர்: 20 ஆண்டுகளுக்கு மேல்; 50 ஆண்டுகளை எட்டியதும் உண்டு.
* சப்பானியப் பெருஞ்சாலமாண்டர்: ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் 1881-இல் இறந்த ஒன்று, 50 ஆண்டுகளுக்கு மேல் வளர்ப்பில் இருந்தது.

வளர்சிதைமாற்றம் மெதுவாக நிகழ்வது இந்நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில்

தாமிரபரணி தோன்றும் பொதிகை மலையில் தவளையினங்கள் பல உள்ளன. ஆனால் தென்னிந்தியாவில் எங்கும் சாலமாண்டர்கள் இயற்கையாகக் காணப்படுவதில்லை. டார்ஜிலிங் உள்ளிட்ட கிழக்கு இமயமலைப் பகுதிகளில் இமாலய நியூட்டு வாழ்கிறது. இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டதாதலால் வீட்டில் வளர்க்கக் கூடாது.

வெப்பமும் நோயும்

ஆக்சலோட்டலுக்கு உகந்த நீர் வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியசு ஆகும். 24 பாகையைக் கடந்தால் அது நோயுறும். கோடையில் 38 பாகையைத் தாண்டும் திருநெல்வேலியில், நீரைக் குளிர்விக்கும் கருவியின்றி அது தன் முழு ஆயுளையும் வாழ இயலாது. வளர்க்க இயலாதோர் அதனை ஆற்றிலோ கால்வாயிலோ விடுதல் தவறு. அவ்வுயிர் வெப்பத்தால் மடிவதுடன், அது சுமந்துவரும் சைட்ரிட் பூஞ்சை உள்ளூர்த் தவளைகளுக்கும் பரவக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* நீர்நில வாழ்வன
* களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்