பதில் வராத அலை

வானொலி என்றால் நமக்குப் பாட்டு. இல்லையென்றால் ஆகாஷ்வாணி, செய்திகள், வாசிப்பது இன்னார். ஊடகம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த ஞாபகத்தில் தொடங்கி இதிலேயே முடிந்தும் விடுகிறது. ஆனால் இது வானொலியின் இரண்டாம் பிறவி. முதல் பிறவியில் அது பாடவில்லை, நாடகம் போடவில்லை. கடல் கடந்து உத்தரவு அனுப்பியது. தலைநகரத்து மேசை ஒன்றிலிருந்து காலனியின் மேசை ஒன்றுக்கு, மோர்ஸ் புள்ளிகளாகவும் கோடுகளாகவும். அந்தப் பிறவியின் உடம்பு நெட்டலை. லாங் வேவ் என்பார்களே, அது.

நெட்டலை நிலையங்களைப் பொறியியல் சாதனைகளாக எழுதும் மரபு ஒன்று உண்டு. எழுதட்டும், சாதனைதான். எனக்கு இருக்கிற கேள்வி வேறு. யார் பேசலாம், யார் கேட்க மட்டும் செய்யலாம், யார் நிலத்தில் கம்பம் நடலாம் என்கிற பங்கீட்டை இந்த நிலையங்கள் எப்படி நடத்தின? அந்தப் பங்கீடு முடிந்துபோன கதையா? குரங்கணி மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1

ஸ்வீடனின் தென்மேற்குக் கரையில் கிரிமெட்டன் என்றொரு சிற்றூர். அங்கே 127 மீட்டர் உயரத்தில் ஆறு எஃகுக் கோபுரங்கள், 380 மீட்டருக்கு ஒன்றாக, ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றின் தலைமேல் கம்பிகள். கீழே கட்டடத்துக்குள் ஓர் இயந்திரம். ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் வடிவமைத்தது. வால்வு கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. மின்சாரம் எடுக்கிற ஜெனரேட்டர் மாதிரியே ஒரு சுழலும் சக்கரம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கும் மேல். அதிலிருந்து நொடிக்கு 17,200 முறை திசைமாறும் மின்னோட்டம் கிளம்பி 200 கிலோவாட் திறனில் வானுக்குப் போகும்.

இந்த அலையின் நீளம் 17 கிலோமீட்டரைத் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், போடியில் ஓர் அலை எழுந்தால் அடுத்த அலை எழ குரங்கணி வரைக்கும் போக வேண்டும். இவ்வளவு நீண்ட அலை தரைக்கும் வான்மண்டலத்தின் மின்னூட்டப் படலத்துக்கும் இடையில், நீண்ட தாழ்வாரத்தில் போவதைப்போல, கண்டம் விட்டுக் கண்டம் போகும். ஆனால் அதைக் கிளப்புவதற்கு நிலம் வேண்டும், எஃகு வேண்டும், மின்சாரம் வேண்டும். மாடியில் கம்பி கட்டிச் செய்கிற வேலை இல்லை. நெட்டலையில் பேச வேண்டுமென்றால் நீங்கள் ஓர் அரசாக இருக்க வேண்டும், அல்லது அரசுக்கு நிகரான கம்பெனியாக.

ஸ்வீடனுக்கு இது ஏன் தேவைப்பட்டது? முதல் உலகப் போரில் கடலடித் தந்திக் கம்பிகளின் கடிவாளம் பிரிட்டன் கையில் இருந்தது. அடுத்தவன் கம்பியை நம்பிப் பேசுவதன் அவஸ்தையை ஒரு சிறிய நாடு உணர்ந்தது. அமெரிக்காவோடு நேரடியாகப் பேசும் வழியாக 1924 டிசம்பர் 1 அன்று கிரிமெட்டன் இயங்கத் தொடங்கியது. 1925 ஜூலை 2 அன்று மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் திறந்துவைத்தார். இது பேசும் உரிமைக்காகக் கட்டப்பட்ட நிலையம். எல்லா நிலையங்களும் அப்படிக் கட்டப்படவில்லை என்பதுதான் விஷயம்.

2

கிரிமெட்டனில் கோபுரம் நட்டார்கள். ஜாவாவில் மலையையே கோபுரமாக்கினார்கள். பாண்டுங் நகருக்குத் தெற்கே மலாபார் என்றொரு மலை. அங்கே ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆன்டெனாக் கம்பிகளைத் தொங்கவிட்டு, 2,400 கிலோவாட் ஆர்க் டிரான்ஸ்மிட்டரைப் பூட்டி, சுமார் 12,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஹாலந்தோடு பேசியது டச்சு அரசு. 1923 மே 5 அன்று திறப்புவிழா. அதே மலாபார் மலையில் 1896 முதல் டச்சுக்காரர்களின் தேயிலைத் தோட்டம். சரிவில் தேயிலை, பள்ளத்தாக்கின் மேலே கம்பி. இரண்டும் ஒரே பொருளாதாரத்தின் இரு உறுப்புகள்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதா? மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு இழுத்தது. 1908இல் அது இரண்டடி அகல ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர், குரங்கணிப் பள்ளத்தாக்கின் மேலே, கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். இடையில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கிருந்து போடிக்கு வண்டி, பிறகு ரயில், பிறகு கப்பல், கடைசியில் லண்டன். இன்றைக்கும் எங்கள் ஜனங்கள் வாயில் மேலே டாப் ஸ்டேஷன், கீழே குரங்கணி. ரயில் இல்லை, கம்பிவடம் இல்லை, ஸ்டேஷன் என்கிற சொல் மட்டும் மலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவில்லை. அதே ஜூலையின் கடைசி நாளில், 31ஆம் தேதி, சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே டிசம்பரில் கிரிமெட்டன். நான் இவற்றுக்குள் காரண காரிய உறவு கட்டவில்லை. ஆனால் ஒரே ஆண்டின் இந்த மூன்று தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: தொலைத்தொடர்பு வரலாறு என்று படிப்பதில் கம்பிவடம் சேர்வதில்லை. சரக்கு இறங்கும் கம்பி ஒரு வரலாறு, சேதி போகும் கம்பி இன்னொரு வரலாறு என்று பிரித்துவிட்டார்கள். சேதி எதைப் பற்றியது? பெரும்பாலும் சரக்கைப் பற்றியது.

தோட்டத்திலும் ஒருவழி ஒலிபரப்பு உண்டு. விடியுமுன் தப்பு அடிக்கும். பிறகு சங்கு ஊதும். பெரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். 'இருக்கேன்' என்பதுதான் அனுமதிக்கப்பட்ட ஒரே பதில். நெட்டலை செய்ததும் உலகளவில் ஒரு பெரட்டுத்தான்.

3

பிரிட்டன் இதைத் திட்டமாகவே வகுத்தது. இங்கிலாந்து, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, சிங்கப்பூர் என்று பேரரசைச் சுற்றி நெட்டலைச் சங்கிலி. 1912இல் மார்க்கோனி கம்பெனியோடு ஒப்பந்தம். உடனே ஊழல். கம்பெனியின் நிர்வாக இயக்குநர் காட்ஃப்ரி ஐசக்ஸ். அவருடைய அண்ணன் ரூஃபஸ் ஐசக்ஸ் அரசின் அட்டர்னி ஜெனரல். அமைச்சர்கள் சிலர் அமெரிக்க மார்க்கோனிப் பங்குகளை வாங்கியது வெளியே வந்து நாடாளுமன்றமே நாறியது. ரூஃபஸ் ஐசக்ஸுக்கு என்ன ஆயிற்று? லார்டு ரீடிங் ஆனார். 1921 முதல் 1926 வரை இந்தியாவின் வைஸ்ராய்.

போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் கப்பல் எப்படி மாட்டியது என்பதைச் சொல்வதில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்க ஆள் இறக்கியது. உடைப்பதற்குள் நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் சேதி விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து முடித்தது. பீரங்கியை வென்றது சேதி. இதற்கு முன்பே ஆகஸ்டில், டோகோவின் காமினாவில் ஜெர்மானியர் தாங்கள் கட்டிய பெரிய நிலையத்தை எதிரி கைக்குப் போகக்கூடாதென்று தாங்களே தகர்த்திருந்தார்கள். யார் மண்ணில் கட்டி, யார் மண்ணில் தகர்த்தார்கள்? டோகோக்காரனைக் கட்டும்போதும் கேட்கவில்லை, தகர்க்கும்போதும் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு வரவேண்டிய நெட்டலை நிலையம் வரவே இல்லை. குறைந்த செலவில் சிற்றலைக் கற்றை கைக்கு வந்துவிட்டது. 1927இல் புனே வட்டாரத்திலிருந்து இங்கிலாந்தோடு அந்த முறையில் தொடர்பு தொடங்கியது. ராட்சசக் கோபுரங்களின் காலம் முடிந்ததென்று எல்லோரும் நினைத்தார்கள்.

4

இடையில் ஒரு மீறல் நடந்தது. கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கியின் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றைக் கட்டினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. போர்க்கருவி பாட்டுப்பெட்டி ஆனது. பின்னாளில் 1952இல் தில்லியில் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டபோது, நம் ஜனங்கள் வாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. குமிழைத் திருகி இலங்கை வைத்தார்கள். கேட்பவர் செய்யக்கூடிய கலகம் அவ்வளவுதான், ஆனால் அது கலகம்தான். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர் இரைச்சலால் மறித்த விடுதலை வானொலியை, கேட்டும் கேட்காமலும் ஜனங்கள் தங்களுக்குள் இட்டுநிரப்பிச் சொன்னதை ஃபனான் 1959இல் எழுதினார்.

ஆனாலும் இதைக் கொண்டாடி நிறுத்திவிட முடியாது. கொழும்பிலிருந்து தமிழ் அலை நம் மலைவரை வந்த அதே காலத்தில், அந்த நாட்டு மலையகத் தமிழரின் குடியுரிமை 1948 சட்டத்தால் பறிக்கப்பட்டிருந்தது. குரல் வந்தது. பேச உரிமையுள்ளவர்கள் எண்ணிக்கை குறைந்தது. வானொலி விநியோகிப்பதோடு நிற்காமல் கேட்பவரையும் பேசவைக்க வேண்டும் என்று 1932இல் பிரெக்ட் கேட்டது இதைத்தான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

5

நெட்டலை இந்தியாவுக்கு வந்தது, விடுதலைக்குப் பிறகு. 1990இல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் மிகத் தாழ் அதிர்வெண் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2014இல் புதிய ஒலிபரப்பி சேர்ந்தது. அதன் கோபுரங்கள் 471 மீட்டர், நாட்டிலேயே உயரமானவை. வேலை? கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் சேதி. சாதாரண வானொலி அலை உப்புத்தண்ணீரில் இறங்காது. நெட்டலை சில பத்து மீட்டர் இறங்கும். நீர்மூழ்கியால் அதைக் கேட்க முடியும். அதே அலையில் திருப்பிப் பேச முடியாது; கிலோமீட்டர்க் கணக்கில் கோபுரக் கூட்டத்தை அது எங்கே சுமக்கும்? பேசத் துணிந்து வேறு ஆன்டெனாவை நீருக்கு மேலே நீட்டினால் இருக்கும் இடம் தெரிந்துபோகும். ஆக, தூய்மையான உத்தரவு. நெட்டலை தன் முதல் பிறவிக்கே திரும்பிவிட்டது. கொழும்பில் நீர்மூழ்கியிலிருந்து மக்களிடம் வந்த கருவி, நெல்லையில் மக்களைத் தாண்டி நீர்மூழ்கிக்கே போகிறது.

அந்த நிலையத்துக்குப் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கப்பம் கேட்டு வந்த கம்பெனி உத்தரவுக்குப் பதில் பேசியதற்காக 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவன் பெயர், பதிலே பேச முடியாத ஓர் அலைக்கு.

இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபர் 15 அன்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டம் தாமகுண்டத்தில் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 2,900 ஏக்கர் காடு. மூசி ஆறு பிறக்கிற மலைப்பகுதி. ஊர்க்காரர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் என்று வந்தபோது இங்கே கேட்ட அதே கேள்விகள்தான்: எவ்வளவு மரம், எவ்வளவு தண்ணீர், யாரைக் கேட்டீர்கள்? 'தேசப் பாதுகாப்பு' என்றால் உரையாடல் அத்தோடு முடிந்தது என்கிறார்கள். அறிவியலுக்கு எதிரி என்று பட்டமும் உண்டு. அலைநீளத்தையும் கோபுர உயரத்தையும் தெரிந்துகொண்டு கேட்கிறவன் அறிவியலுக்கு எப்படி எதிரியாவான்? நாட்டுக்கு நீர்மூழ்கி வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். கோபுரம் நிற்கப்போகும் நிலத்தின் மனிதர் பெரட்டுக்களத்தில் 'இருக்கேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டுமா என்பதுதான் நம் விவாதம்.

மலாபார் நிலையம் 1940களின் போர்களில் அழிந்தது; மலையில் இன்று இடிபாடுகள். கிரிமெட்டனும் பிற்காலத்தில் ஸ்வீடன் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்குத்தான் சேதி அனுப்பியது. அந்த வேலை 1990களில் ஓய்ந்தது. 2004இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நாளில் பழைய சக்கரத்தைச் சுழற்றி ஒரு வாழ்த்து அனுப்புகிறார்கள். பல நாடுகளில் ஆர்வலர்கள் வீட்டில் கட்டிய கருவிகளால் அதைப் பிடித்து, கேட்டது என்று எழுதி அனுப்புகிறார்கள். உத்தரவு போடுகிற வேலை போன பிறகுதான் அந்த இயந்திரத்துக்குப் பதில் வருகிறது.

மரபுச் சின்னம் ஆவதற்குக்கூட யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். குரங்கணிக் கம்பிவடத்தின் கீழே பெட்டி இறக்கியவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் பேரன் பேத்திகள் கொட்டகுடியிலும் போடியிலும் இருக்கிறார்கள், ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறார்கள். ஒரு டேப்ரிக்கார்டரோ செல்போனோ எடுத்துக்கொண்டு போய் அவர்களைப் பேசச் சொல்லலாம். தாமகுண்டத்திலும் விஜயநாராயணத்திலும் அதையே செய்யலாம். அதற்கு 471 மீட்டர் கோபுரம் தேவையில்லை.