எச்.எஃப்.-24 மாருத்

இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானம். இதன் முதல் முன்மாதிரியான பி.ஆர். 461, 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் முதன்முறையாகப் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ்.

தோற்றம்

ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானம் வேண்டும் என்று 1950களில் இந்திய விமானப்படை கேட்டது. அப்பணியை ஏற்ற எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு அதுவரை பயிற்சி விமானம் வடிவமைத்த அனுபவம்தான் உண்டு. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956இல் பெங்களூர் வந்து வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றார். அவருடன் வந்த ஜெர்மானியர் சிலரே. இந்தியப் பொறியாளர்கள் அவர்களோடு வேலை செய்தபடியே தொழிலைக் கற்றார்கள். மாருத்தின் உருவ அமைப்பைச் சோதிக்க முழு அளவில் மரக் கிளைடர் ஒன்றைச் செய்தார்கள். டகோட்டா விமானம் அதை இழுத்துச் சென்று வானில் விடும். அங்கிருந்து அது எஞ்சின் இல்லாமல் இறங்கும். 1959இல் இச்சோதனைகள் தொடங்கின.

எஞ்சின் தேடல்

ஆஃப்டர்பர்னருடன் (வெளியேறும் வாயுவில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) 8,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை தரவேண்டிய பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை நம்பியே மாருத் வரையப்பட்டது. அந்த எஞ்சினை உருவாக்கும் பணியைப் பிரிட்டன் கைவிட்டது. அதைத் தொடர்வதற்கான முழுச் செலவையும் ஏற்க இந்தியா முன்வரவில்லை. 4,850 பவுண்டு உந்துவிசை கொண்ட ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தியே முன்மாதிரி பறந்தது. நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தை எட்டுவதே அதற்குப் பெரும்பாடு.

மாற்று எஞ்சினாக, எகிப்தின் ஹெல்வானில் பொறியாளர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் உருவாக்கிய ஈ-300 எஞ்சின், ஒரு மாருத்தில் பொருத்தப்பட்டு 1967இல் பறந்தது. 1969இல் எகிப்து அத்திட்டத்தைக் கைவிட்டது. உள்நாட்டிலேயே ஆர்ஃபியஸ் 703க்கு ஆஃப்டர்பர்னர் சேர்த்த மாருத்தை ஓட்டியபோது, 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிரிழந்தார். அவர் பெயரைப் பெங்களூரில் ஒரு சாலை தாங்கி நிற்கிறது.

படைப்பணி

முன்மாதிரிகள் உட்பட 147 மாருத்துகள் கட்டப்பட்டன. 1967இல் 10ஆம் படைப்பிரிவு இவற்றைப் பெற்றது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையில் இவை தாழப் பறந்து தரைப்படைக்குத் துணை நின்றன. ஓர் எஞ்சின் பழுதான பிறகும் மற்றொன்றின் பலத்தில் தளம் திரும்பியவை உண்டு. உடலமைப்பின் உறுதி அந்தப் போரில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது.

முடிவு

1990க்குள் மாருத் படையிலிருந்து முற்றிலும் விடைபெற்றது. சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒன்றும், ஜெர்மனியின் ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் ஒன்றும் காட்சிக்கு உள்ளன. பெங்களூரில் திரண்ட வடிவமைப்புக் குழுவுக்கு அடுத்த போர் விமானம் தரப்படாததால் அவர்களின் அனுபவம் வீணானது. இது மாருத் கதையின் பெரிய இழப்பு. அடுத்த உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் பறக்க 2001 ஜனவரி 4 வரை, மாருத் முதலில் பறந்ததிலிருந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அதற்கென உருவாக்கிய காவேரி எஞ்சின் கைகூடாமல், தேஜசும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. விமானத்தைத் தொடங்கும் நாளிலேயே அதன் எஞ்சினையும் தொடங்க வேண்டும் என்ற பாடத்தை மாருத் 1961லேயே கற்பித்துவிட்டது.