தும்பை விட்டாத்தான் பிழைப்பு: சோம்பேறிப் பட்டியல்களின் கதை

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்கதானே, அதனால இந்தப் பழங்கதை.

1976-ல ஒரே யோசனை தனித்தனியா மூணு பக்கம் முளைச்சது. ஃப்ரீட்மன்-வைஸ் ஜோடி, ஹெண்டர்சன்-மோரிஸ் ஜோடி, அப்புறம் சாசல் மொழியை உருவாக்கின டேவிட் டர்னர். யோசனை இதுதான்: பட்டியலை முழுசா கட்டி வைக்காதே, கேட்கிறப்ப மட்டும் அடுத்த உறுப்பைச் செஞ்சு கொடு. முடிவே இல்லாத பட்டியல்கூட கையடக்கம்!

கேட்க ஜோராத்தான் இருக்கு. சிக்கல் நினைவகத்துல. ஹாஸ்கெல்ல 1 முதல் 1 கோடி வரை ஒரு பட்டியலுக்குப் பேர் வச்சு, கூட்டுத்தொகையை எண்ணிக்கையால வகுத்து சராசரி எடுங்க. கூட்டுறப்ப கடந்து போன உறுப்புகளை குப்பை பொறுக்கி தூக்கிட்டுப் போயிருக்கணும். ஆனா "இருப்பா, நான் இன்னும் எண்ணவே இல்லை"ன்னு இன்னொரு கை தலையைப் பிடிச்சுட்டு நிக்குது. 64 பிட் கணினியில உறுப்புக்கு 40 பைட். மொத்தம் 400 எம்பி, ஒரு சராசரிக்கு! தும்பை விட்டு வாலைப் பிடிக்காதேம்பாங்க. இங்கே தும்பை விட்டாத்தான் பிழைப்பு.

இதை நிரலாளரோட கவனக்குறைவுன்னு தள்ளிவிடறது எனக்கு உடன்பாடில்லை. வரிசையா ஒண்ணு முடிச்சு ஒண்ணு கணக்கிட்டா சில நிரல்கள் எப்படியும் ஒழுகும்னு ஜான் ஹ்யூஸ் 1980-களிலேயே காட்டிட்டார். ரெண்டு வேலையும் கைகோர்த்து நடக்கணும்னார். 1987-ல ஃபிலிப் வாட்லர் வேற வழி பிடிச்சார்: ஒரு ஜோடியில பாதி மட்டும் தேவைன்னா, குப்பை பொறுக்கியே அந்தப் பாதியைப் பிரிச்செடுத்துட்டு மிச்சத்தை விட்டுடட்டும். எனக்கு ரொம்பப் பிடிச்ச தந்திரம் இது. எங்கே ஒழுகுதுன்னு வரைபடமா காட்டுற கருவியை ரன்சிமனும் வேக்லிங்கும் 1993-ல வெளியிட்டாங்க. அதுவரை குருடன் யானையைத் தடவின கதைதான்.

2007-ல வந்த க்ளோஜருக்கும் இதே தலைவலி. 2010-ல வந்த 1.2 பதிப்பு, இனி தேவைப்படாத உள்மாறிகளை இன்னும் நுணுக்கமா கழட்டிவிட ஆரம்பிச்சது. ஆனா 'டெஃப்' போட்டு ஒரு சோம்பேறிப் பட்டியலுக்குப் பேர் வச்சீங்களோ, அந்தப் பேர் இருக்கிற வரைக்கும் தலையும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கம்பைலர் என்ன பண்ணும் பாவம் :-)