ஜி1 முதல் ஜி5 வரை

1991இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நைஜல் ஷார்ட்டும் யான் டிம்மனும் மோதிய ஆட்டம். ஷார்ட்டின் வெள்ளை ராஜா எட்டாவது நகர்த்தலில் காஸ்லிங் செய்து ஜி1 கட்டத்தில் போய் உட்கார்ந்தது. 30ஆவது நகர்த்தல் முடியும்வரை அசையவில்லை. ராணிகளும் யானைகளும் பலகையில் இருக்கும்வரை ராஜா ஒதுங்கியே இருக்க வேண்டும் என்றுதான் செஸ் பழகும் குழந்தைக்கும் சொல்லித்தருகிறோம்.

அப்போது வெள்ளை ராணி எஃப்6இல், கறுப்பு ராஜாவின் வாசலிலேயே நின்றது. ஜி7இல் இறங்கினால் மேட். ஆனால் அங்கே அதைத் தாங்க இன்னொரு காய் வேண்டும். எச்6இல் நின்ற பிஷப் 27ஆவது நகர்த்தலில் எதிராளியின் பிஷப்போடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. குதிரையை ஜி5க்கு அனுப்பலாமா? அது எஃப்3ஐ விட்டு விலகினால் கறுப்பு ராணி ஜி2இல் மேட் வைத்துவிடும். ஒரு யானை டி7இல் எதிராளியை நெருக்கியது. மற்றது டி4இல் நின்று நான்காம் வரிசையைக் காத்தது. வேலையில்லாமல் இருந்தது ராஜா மட்டும்தான். பிஷப் காலிசெய்த எச்6ஐ நோக்கி ஷார்ட் அதையே கிளப்பினார்.

எச்2, ஜி3, எஃப்4, ஜி5. நான்கும் கறுப்புக் கட்டங்கள். டிம்மனிடம் மிஞ்சிய பிஷப்போ வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது. அவருடைய ஒரு சிப்பாய் எச்5க்கு ஏறிவிட்டது, எஃப்7 சிப்பாயின் வழியை வெள்ளை ராணியே அடைத்திருந்தது. ஆகவே ஜி5இலிருந்து ராஜாவை விரட்டச் சிப்பாயே கிடையாது. இந்த நடையைத் துணிச்சல் என்று புகழ்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது நிதானம். பாதை பத்திரமான பிறகே ராஜா படியிறங்கியது. அது ஏறிவரும்போது டிம்மனின் யானை இ8இலிருந்து சி8க்குப் போய், அடுத்த நகர்த்தலில் இ8க்கே திரும்பியது.

1912இல் லண்டனில் எட்வர்ட் லாஸ்கர் தன் ராணியைப் பலிகொடுத்து ஜார்ஜ் தாமஸின் ராஜாவை வெளியே இழுத்தார். எச்6, ஜி5, எஃப்4 என்று இறங்கிய அந்த ராஜா கடைசியில் ஜி1இல் மேட் ஆனது. ஏறக்குறைய இதே பாதை, எதிர்த்திசையில். அங்கே அடிக்கு அடி துரத்தல். ஷார்ட்டின் ராஜாவுக்கோ வழியில் ஒரு செக்கூட வரவில்லை.

33ஆவது நகர்த்தலில் டிம்மன் பிஷப்பை சி8க்குக் கொண்டுவந்து டி7 யானையைத் தாக்கினார். ஷார்ட் யானையைக் கண்டுகொள்ளாமல் ராஜாவை ஜி5இல் வைத்தார். பிஷப் யானையை வெட்டினால் ராஜா எச்6க்குப் போகும், அடுத்து ஜி7இல் மேட். கறுப்பு ராஜா எச்7க்கு வந்து மறித்தால், வெள்ளை ராணி ஜி6 சிப்பாயை வெட்டிச் செக் சொல்லும். அந்த ராணியைக் கறுப்பு ராஜா தொட முடியாது, ஜி5இல் நிற்கும் ராஜாவே அதற்குக் காவல். எஃப்7 சிப்பாயாலும் எடுக்க முடியாது, அது விலகினால் டி7 யானையின் செக் திறந்துவிடும். கறுப்பு ராஜா எச்8க்கு ஒதுங்கும். எச்6இல் மறுபடி ராணியின் செக். அது ஜி8க்குத் திரும்பியதும் வெள்ளை ராஜா எஃப்6இல் ஏறிவிடும். பிறகு ஜி7 மேட்டைத் தடுக்க எந்தக் காயும் இல்லை. 34ஆவது நகர்த்தலோடு டிம்மன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.